உப்பு பார்ப்பது சாப்பாடா?

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

பாட்டி நலம், கையைத் தவிர. நீயும் உன் வயிற்றில் இருக்கிற ஆளும் மாப்பிள்ளையும் நலமா? உனக்கு வாந்தி நின்றதா? உங்களோடு வந்து இருக்கிற உன் அம்மா வேலை செய்கிறாளா, டிவி பார்க்கிறாளா?

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, சோயா, மீன். ஆறும் ஆறு வாரத்துக்குக் கூடாது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு, எது என் கையைக் கெடுக்கிறது என்று பிடிக்க வேண்டும். சரிதானே? அந்தத் தாளை நான் சமைக்கிற பஸ் டிப்போ கேன்டீனில், வண்டி புறப்படும் நேரம் போட்டிருக்கிற போர்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். ஒரு டிரைவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "யாரு பாட்டிம்மா எழுதினது? எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். "என் பேத்தி. பெரிய ஆஸ்பத்திரியில சாப்பாட்டு டாக்டர்" என்றேன். "டயட்டீஷியன்னு சொல்லுங்க" என்றார். "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றேன்.

கை உனக்குத் தெரிந்த கைதான். ஆறு வருஷம், ஏழு களிம்பு. விரல் மடங்குகிற இடத்திலெல்லாம் வெடிப்பு. எலுமிச்சம்பழம் பிழிந்தால் உயிர் போய் வருகிறது. அதெல்லாம் பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் ஜூன் கடைசியில் உனக்குக் குழந்தை. உன் அம்மாவைக் குளிப்பாட்டினது நான். உன் அம்மாவுக்கு வழுக்கிவிடுமோ என்று பயம், அதனால் உன்னைக் குளிப்பாட்டினதும் நான்தான். போன வருஷம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கினேன். என் கை பட்டதும் அது வீறிட்டது. அதன் அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். சிரித்தது மறக்கவில்லை.

அதனால் நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

வெடித்த கையால் எழுதும்,
பாட்டி


பிப்ரவரி 11

அன்புள்ள பாட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான், நாற்காலியைக் கூடக் கடிக்கலாம் போலிருக்கிறது. அம்மா டிவியும் பார்க்கிறாள், வேலையும் செய்கிறாள், இரண்டையும் பாதி பாதி.

கையில் வருகிற வெடிப்புக்குச் சாப்பாடுதான் காரணம் என்று உறுதி இல்லை பாட்டி. எங்கள் தோல் டாக்டர், "இருக்கலாம், பார்த்துவிடுவோம்" என்றுதான் சொன்னார். ஆனால் பார்ப்பதாக இருந்தால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். பிஸ்கட் கோதுமை. கேக்கில் முட்டை. "ஒரே ஒரு வாய்தானே" என்பதும் ஒரு வாய்தான். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

போனில் சொல்ல வேண்டாம். கேன்டீன் போனில் எனக்குப் பாத்திரச் சத்தம்தான் கேட்கிறது. எதைச் சாப்பிட்டீர்கள், கை எப்படி இருக்கிறது என்று எழுதியே அனுப்புங்கள்.

இரவில் கைக்குப் பருத்தி உறை போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

உங்கள்,
சுண்டெலி


மார்ச் 4

என் சுண்டெலிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், ஐந்தாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு உன் கால் வீங்குகிறதா என்று அறியத்தான் ஆவல். அதை எழுது.

நான்கு வாரம் முடிந்தது. நீ கேட்டபடி நேற்றைய நாளை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஐந்து மணி: பால் இல்லாத டீ. அது டீ இல்லை, வெட்கப்பட்ட சுடுதண்ணீர். ஐந்தரைக்குக் கேன்டீன். முதல் ஷிப்டுக்குப் பால் கஞ்சி, முட்டைக் குழம்பு, பருப்பு. எல்லாவற்றையும் உப்பு பார்த்து இறக்கினேன். எட்டு மணிக்கு எனக்கு வெறும் சோறு, வேகவைத்த பூசணிக்காய். சாப்பிடவே பிடிக்கவில்லை, இரண்டு வாய். பதினொன்றுக்கு மீன் குழம்பு, கடலைத் துவையல், காய் இரண்டு வகை, மறுபடி முட்டை. உப்பு பார்த்தேன், மீனுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டியதாகிவிட்டது. மதியம் சோறு, பருப்பு, ஒரு வாழைப்பழம். மாலை ஷிப்டுக்கு நான்கு பாத்திரம், உப்பு பார்த்து இறக்கிவிட்டு வீடு. ராத்திரி கஞ்சி.

பார்த்தாயா? பட்டியலில் இருப்பது ஒன்றுகூட என் தட்டில் இல்லை. மேஸ்திரி தன் பிறந்தநாளுக்குக் கேக் நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கைதான் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டில் விஷயம் இல்லை போலிருக்கிறது. நீ வருத்தப்படாதே, உன் படிப்பில் குறை இல்லை. என் கைதான் படிக்காத கை.

பூசணிக்காயை வெறுக்கும்,
பாட்டி


மார்ச் 10

அன்புள்ள பாட்டிக்கு,

நலம்தானா என்று கேட்கும் பொறுமை இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டி, உப்பு பார்ப்பது சாப்பாடு.

நீங்கள் எப்படி உப்பு பார்ப்பீர்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரண்டியால் எடுத்து, இடது உள்ளங்கையில் ஊற்றி, நக்கி, நாக்கைச் சொடுக்குவீர்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று தடவை. பால், முட்டை, மீன், கடலை எல்லாம் உள்ளே போயிருக்கிறது. நான்கு வாரமும் வீண்.

முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததுமே ஆரம்பித்தால் ஏப்ரல் கடைசியில் ஆறு வாரம் முடியும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்க ஒன்றரை மாதம். குழந்தை வருவதற்குள் சரியாக இருக்கும். இன்னொரு தடவை தப்புப் பண்ண நாள் இல்லை.

கோபப்படாதீர்கள். கால் கொஞ்சம் வீங்குகிறது, தலையணை மேல் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள்,
சுண்டெலி


மார்ச் 16

சுண்டெலி அம்மையாருக்கு,

நான் நலம். உன் அம்மா தரையிலிருந்து எழுந்துவிட்டாளா?

வாயில் போட்டு விழுங்கினால் சாப்பாடு. உள்ளங்கையில் விட்டுப் பார்த்தால் அது வேலை. முப்பத்தொரு வருஷமாக நான் செய்கிற வேலை. கண்டக்டர் நாளெல்லாம் பஸ்ஸில்தான் போகிறார். சாயங்காலம் அவரிடம் போய், "இன்னைக்கு எந்த ஊருக்குப் பயணம் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்பாயா?

இதை இப்படியே எழுதி உன்னை மடக்க நினைத்து, நிஜமாகவே ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நியாயம்தான் பாட்டிம்மா. ஆனா பஸ் கவிழ்ந்தா எனக்கும்தானே அடிபடும்?" என்றார்.

அந்தப் பாழாய்ப்போன கண்டக்டருக்கு அன்றைக்கு அப்பளம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். அவர் சொன்னது சரி.

முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். உப்பு பார்க்க வெங்காயத்தை வைத்திருக்கிறேன். உனக்கு அவளைத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக என்னிடம் காய் வெட்டுகிறாள். வெங்காயம் வெட்டும்போது கண் கலங்காதவள், அதனால் அந்தப் பெயர். இதுவரை அவள் கையில் நான் கரண்டி கொடுத்ததில்லை. முதல் நாள் கொடுத்தேன். நக்கினாள்.

"எப்படிடி இருக்கு?"

"இருக்கும்மா."

"இருக்குன்னா? உப்பு இருக்கா?"

"இருக்கு."

"போதுமா?"

"நீங்க சொன்னா போதும்மா."

இவளை வைத்துக்கொண்டு நான் ஆறு வாரம் இருநூறு பேருக்குப் பரிமாற வேண்டும். உன் குழந்தைக்காக. அது வந்ததும் இதைச் சொல்லிவை.

காலைத் தொங்கப் போடாதே.

கரண்டி இழந்த,
பாட்டி


ஏப்ரல் 10

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? நான் நலம். டாக்டர் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், ஒன்றும் பெரிதாக இல்லை. உங்கள் மாப்பிள்ளை கட்டில் பக்கத்திலேயே தண்ணீர், புத்தகம், விசிறி எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். ராணி மாதிரி இருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று கார்டும் வந்தன. "சாப்பாடு ஒழுங்கு. கை பார்த்துக்கொண்டிருக்கிறேன்." மூன்றிலும் இதே இரண்டு வரி. கேன்டீனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. யார் என்ன சொன்னார், யாருக்கு அப்பளம் நிறுத்தினீர்கள் என்று எழுதாமல் நீங்கள் கடிதம் முடித்ததே கிடையாது. வெங்காயம் அக்கா எப்படிச் செய்கிறார்கள்? ஏதாவது பிரச்சினையா?

குழந்தையைக் குளிப்பாட்ட வாங்கி வைத்த தொட்டியைத் தினமும் பார்க்கிறேன். இளநீல நிறம்.

உங்கள்,
சுண்டெலி


ஏப்ரல் 28

என் தங்கத்துக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

ஒன்று: நைலான் புடவை மடித்தேன், கை எங்கேயும் மாட்டவில்லை. இரண்டு: ஊசியில் நூல் கோத்தேன், நூல் பிசிறவில்லை. மூன்று: இன்று காலை வேண்டுமென்றே இருபது எலுமிச்சம்பழம் எடுத்து உட்கார்ந்து பிழிந்தேன். எரியவில்லை! சாறு மணிக்கட்டு வரை ஓடியது, எரியவே இல்லை. கேன்டீனே கேட்கிற மாதிரி கத்தினேன். என்னமோ ஏதோ என்று மெக்கானிக்குகள் ஸ்பேனரோடு ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் சர்பத் போட்டுக் கொடுத்தேன்.

சாப்பாடுதான் காரணம், சுண்டெலி. உன் படிப்பு ஜெயித்தது.

இன்றே பாலில் ஆரம்பித்துவிட்டேன். நீ சொன்னபடி மூன்று நாள் சாப்பிட்டு, நான்கு நாள் பொறுத்துப் பார்ப்பேன். முதல் பால் டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டே இருந்தேன். அப்புறம் குடித்தேன். டீ என்றால் என்ன என்று மறந்தே போயிருந்தது.

கேன்டீன் ஓடுகிறது.

உன் ஓய்வு எவ்வளவு ஓய்வு? டாக்டர் என்ன வார்த்தை சொன்னாரோ அதே வார்த்தையை எழுது.

எலுமிச்சை வாசனையோடு,
பாட்டி


மே 24

சுண்டெலிக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. உன் அம்மாவுக்குப் போன் போட்டால், "நல்லாத்தான் இருக்கா, தூங்கறா" என்கிறாள். எப்போது போட்டாலும் தூங்குகிறாய். உன் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, குரலைத் தணித்துக்கொள்வாள். நான் துருவவில்லை. நீ எழுதுகிறபோது எழுது.

பால் தப்பித்தது. கோதுமை தப்பித்தது. வேர்க்கடலையும் தப்பித்தது. திருடன் முட்டை. இரண்டாம் நாள் சாயங்காலம் விரல் அரித்தது. மூன்றாம் நாள் காலை வலது கை ஆள்காட்டி விரலிலும் அதற்கடுத்த விரலிலும் வெடிப்பு திறந்துவிட்டது. உடனே நிறுத்திவிட்டேன். மீனும் சோயாவும் அப்புறம்தான். திருடன் அகப்பட்ட சந்தோஷம் ஒரு பக்கம். ஜூனுக்குள் இந்த இரண்டும் மூடுமா என்ற பயம் ஒரு பக்கம்.

நீ எழுதாவிட்டாலும், உனக்கு எழுதாமல் விட்டதை நான் எழுதிவிடுகிறேன்.

வெங்காயம் உப்பு பார்க்க ஆரம்பித்து இரண்டாவது வாரம். கேன்டீன் நிறைய ஆள். மேஸ்திரி தட்டோடு எழுந்து நின்று, "பாட்டிம்மா, சமையலுக்கு ஆள் மாத்திட்டீங்களா? ஒரு வாரமா அமிர்தமா இருக்கு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கண்டக்டர், "தண்ணி குடிக்க எழுந்திரிக்கவே வேண்டியதில்ல" என்றார்.

கேன்டீனில் மூன்று தண்ணீர் டிரம் இருக்கிறது தெரியுமா? எங்கள் ஆட்கள் உழைப்பாளிகள், நிறையத் தண்ணீர் குடிப்பார்கள் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன்.

உள்ளே போய் வெங்காயத்திடம் கேட்டேன்.

"என் சமையல்ல உப்பு ஜாஸ்தியாடி?"

அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். "கொஞ்சம்."

"எத்தனை நாளா?"

"நாளா..." என்று இழுத்தாள். "ஒரு ஏழெட்டு வருஷமா இருக்கும்மா."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க என்னைக்கும்மா கேட்டீங்க?"

வயதாகி நாக்கு மரத்துப்போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இருநூறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வாரம் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுதான் உனக்கு வந்த இரண்டு வரி கார்டு. இப்போது எழுதிவிட்டேன், பாரம் இறங்கிவிட்டது. இதை வாசித்து உன் அம்மா மறுபடி தரையில் உட்காரட்டும்.

நீ எப்படி இருக்கிறாய்?

பாட்டி


மே 31

என் கண்ணே,

டிப்போ ஆபீசுக்கு மாப்பிள்ளை போன் பண்ணினார். பெண் குழந்தை, ஒரு மாதம் முந்திக்கொண்டது, இரண்டே கால் கிலோ, தாயும் பிள்ளையும் சுகம். கிளார்க் ஜன்னல் வழியாகக் கத்தினார். யாரோ ஒரு டிரைவர் ஹாரன் அடித்தார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் நின்றிருந்த பஸ் எல்லாம். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் கரண்டியோடு நடுவில் நின்றேன். வெங்காயம் கண்ணைத் துடைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

உடனே கிளம்பத்தான் கால் துடிக்கிறது. ஆனால் ஒரு விரல் மூடிவிட்டது, ஒரு விரல் இன்னும் பாக்கி. அதுவும் குறைமாதக் குழந்தை. திறந்த விரலோடு நான் அதைத் தொட மாட்டேன். குளிப்பாட்ட நல்ல நர்ஸாகப் பார்த்து வைத்துக்கொள். நான் கோபிக்க மாட்டேன். நிஜமாக.

சூடாகச் சாப்பிடு.

பாட்டி


ஜூன் 6

அன்புள்ள பாட்டிக்கு,

நானும் பாப்பாவும் நலம். இதை ஒரு கையால் எழுதுகிறேன், இன்னொரு கையில் அவள்.

மே மாதம் முழுக்கப் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றுவிட்டார்கள். பயமாக இருந்தது. எழுத உட்கார்ந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். நீங்கள் எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவீர்கள், கை ஆறாமலே. அதனால் எழுதவில்லை. அம்மாவையும் சொல்ல விடவில்லை. மன்னியுங்கள்.

இப்போது கேளுங்கள். பாப்பாவுக்குத் தொப்புள் கொடி இன்னும் விழவில்லை. அது காய்ந்து விழும்வரை துணியால் துடைத்துவிட்டால் போதும், தொட்டியில் இறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வாரம் ஆகும். உங்கள் விரலுக்கு அவளே நாள் கொடுத்திருக்கிறாள்.

குளிப்பாட்ட நர்ஸ் யாரும் வரப் போவதில்லை. அம்மா தொட்டியிலிருந்து நாலடி தள்ளித்தான் நடக்கிறாள். விரல் மூடினாலும் மூடாவிட்டாலும் வாருங்கள். இது டயட்டீஷியன் சொல்வது இல்லை, நான் சொல்வது.

உப்பு விஷயம் வாசித்தோம். அம்மா தரையில்தான் இருக்கிறாள்.

உங்கள்,
சுண்டெலியும் சுண்டெலிக்குட்டியும்


ஜூலை 20

என் இரண்டு சுண்டெலிகளுக்கும்,

சுகமாக ஊர் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. குட்டிக்கு விக்கல் நின்றதா? உன் அம்மா இப்போது தொட்டிக்கு இரண்டடி பக்கத்தில் வந்துவிட்டாள், அப்படியே விடாதே, இன்னும் தள்ளு.

உன் வீட்டில் மீனைப் பார்த்தோம், இங்கே வந்து சோயாவையும் பார்த்துவிட்டேன். இரண்டும் நல்லவர்கள். நேற்றோடு எல்லாம் முடிந்தது. முட்டை ஒன்றுதான் கூடாது. தினமும் ஷிப்டு முடிந்ததும் இரண்டு அவித்த முட்டை எனக்கென்று எடுத்து வைத்துச் சாப்பிடுவேன், உழைத்ததற்குப் பரிசாக. அந்தப் பரிசுதான் என் கையைத் தின்றிருக்கிறது. இப்போது முட்டை உடைப்பது, அவிப்பது எல்லாம் வெங்காயம்.

"ஆறு வாரம் கஷ்டமா இருந்துச்சா பாட்டிம்மா?" என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். பூசணிக்காய் கஷ்டம்தான். ஆனால் ஒன்று நடந்தது. நாளெல்லாம் நின்றுகொண்டே நக்கி நக்கி, எனக்குப் பசி என்பதே வந்ததில்லை. மிச்சமிருப்பதைப் பாத்திரத்தோடு நின்றபடி வழித்துப் போட்டுக்கொள்வேன். உப்பு பார்ப்பதை நிறுத்தினதும் பதினோரு மணிக்கு வயிறு கூப்பிட்டது. என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தேன், அப்படிக் கூப்பிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு டிரைவர்கள் மேஜையில் போய் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் என் கேன்டீனில் நான் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். ஆறு வாரம் கழித்துக் கோதுமை ரொட்டி தின்ற நாள் ஒரு துண்டைக் கால் மணி நேரம் மென்றேன். பக்கத்திலிருந்த டிரைவர், "ஆடு மாதிரி மெல்லுறீங்களே" என்றார். மென்றுகொண்டே இருந்தேன்.

கட்டுப்பாடு முடிந்ததே, திரும்பக் கரண்டியை வாங்கிக்கொள்வேனோ என்று வெங்காயம் நேற்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாருடி, குழம்பு கொதிக்குது" என்றேன். பார்த்தாள். "அரைக் கரண்டி உப்பு குறையுதும்மா" என்றாள், சத்தமாக. போட்டேன்.

இன்னொன்று. என் கடைசி விரலும் மூடின பிறகு வந்த முதல் நாள் குளியல் நினைவிருக்கிறதா? நீ கதவில் சாய்ந்து என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் அம்மா உன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். எடை பார்க்க வந்த நர்ஸ், "கைக்கு என்னம்மா போடுறீங்க, இவ்வளவு மெத்துன்னு இருக்கு?" என்று கேட்டாள். குளித்து முடிந்ததும் நீ மெதுவாக, "எரிஞ்சுதா பாட்டி?" என்றாய். நான் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நீ நம்பினாயோ என்னவோ. அப்போது சொல்ல வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

குட்டி தண்ணீரில் இறங்கினதும் ஒரு தடவை முகத்தைச் சுளித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. கழுத்து மடிப்பில் தண்ணீர் விட்டேன், அக்குளில் விட்டேன், கால் இடுக்கில் விட்டேன். என் மணிக்கட்டில் தலை வைத்து என்னைப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள். துடைத்து, சுற்றி, உன் கையில் கொடுத்துவிட்டு, ஈரத் துண்டைப் பிழிந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, எனக்குக் கை என்று ஒன்று இருப்பது. அதுவரை எரிகிறதா என்று பார்க்கவே மறந்துபோயிருந்தேன்.

குட்டியைக் குளிப்பாட்டினதும் காது மடலுக்குப் பின்னால் துடைக்க மறக்காதே.

அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கும்,
பாட்டி